தேதியிலும் கொடியிலும் ‘ரகசியம்’ தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஒரு போராட்டம் நடந்தால் போதும், போலீஸ் ஒரு ஆபரேஷனை முடித்தால் போதும், மறுநாளே அதற்கு ஒரு வரலாற்றுக் ‘குறியீடு’ வாட்ஸ்அப்பில் வந்து இறங்கிவிடும். கொங்கு வட்டாரத்தைப் பற்றி வருகிறவை பெரும்பாலும் காலண்டரிலேயே இடறி விழுகின்றன.

தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31. ஊர் அவரை நினைப்பதோ ஆடி 18-இல். இப்போது ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வருகிறது. உடனே, யாரோ தேதியைத் திருத்திவிட்டார்கள் என்று சந்தேகம் கிளம்பும். திருத்தம் ஒன்றும் இல்லை. தமிழ்ச் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 23 நிமிடம் நீளம். சேர்ந்து சேர்ந்து அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். 1805-இலிருந்து கணக்குப் போட்டால் மூன்றரை நாள். அப்படியே பின்னால் நகர்த்துங்கள், ஜூலைக் கடைசியில் வந்து நிற்கும். பழைய தமிழ்த் தேதியை இந்த வருஷக் காலண்டரில் வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, அன்றைக்கு இல்லாத சின்னத்துக்கு அர்த்தம் சொல்வது. 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் ஊர்வலத்தில் தடியடி பட்டு மறுநாள் உயிர்விட்ட குமரனின் கையில், ஃபிளக்ஸ் அடிப்பவர்கள் அசோகச் சக்கரக் கொடியைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சக்கரம் கொடியில் ஏறியது 1947 ஜூலையில். 1931-இல் காங்கிரஸ் ஏற்ற கொடியின் நடுவில் இருந்தது கைராட்டை. 24 ஆரங்களுக்கு விளக்கம் எழுதப் போனால், கதருக்குப் பேர்போன திருப்பூரில் ராட்டைக்கு இருந்த நிஜமான பொருள் கைநழுவிப் போகும்.

எண் ஜோசியம் இன்னொரு வழுக்கல். வீரப்பன் பிறந்தது ஜனவரி 18, சுட்டுக் கொல்லப்பட்டது 2004 அக்டோபர் 18. இதோடு ஆடி 18-ஐயும் கோத்துவிட்டால் பதிவு சூடு பறக்கும். ஆனால் அவரைச் சுட்டுக் கொன்ற ‘ஆபரேஷன் ககூன்’ என்ற போலீஸ் நடவடிக்கை நாள் பார்த்து நடந்ததல்ல. கண் சிகிச்சைக்கென்று ஆம்புலன்ஸில் ஏறிக் காட்டைவிட்டு வெளியே வர அவர் சம்மதித்த இரவுதான் அந்த இரவு. மாதத்தில் இருப்பதே முப்பது சொச்சம் நாள். இரண்டு தேதியின் எண் ஒத்துப்போவது அதிசயமில்லை. ‘ககூன்’ என்றால் பட்டுக்கூடு என்பதற்காகத் தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில் துப்புத் தேடவும் வேண்டாம்.

நிறத்திலும் அவசரம் ஆகாது. கறுப்புச் சட்டை என்றால் பெரியார் வழி. கறுப்புக் கொடியை எந்தக் கட்சியும் காட்டும். கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்ப்பது ஊழியர் சங்கம். மூன்றையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

இடத்துக்கு அர்த்தம் சொல்லுமுன் அனுமதிக் கடிதத்தைப் பாருங்கள். கோவை சிவானந்தா காலனியிலோ தாலுகா ஆபீஸ் முன்போ ஆர்ப்பாட்டம் நடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் எளிது: போலீஸ் அங்கேதான் விட்டது. முதலில் எந்த இடம் கேட்டார்கள் என்பதில்தான் ஏதாவது சேதி இருக்கும்.

நிஜமான குறியீட்டை யாரும் ஒளித்து வைப்பதில்லை. ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் பச்சைத் துண்டோடு கூடுகிறவர்கள், 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் துப்பாக்கிச்சூட்டில் செத்த மூன்று விவசாயிகளை நினைத்துக் கூடுகிறார்கள். ஜனவரி 8 என்றால், 1946-இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நால்வர். நோட்டீஸின் முதல் வரியிலேயே அச்சாகியிருக்கும்.