நாட்டு நடப்பைச் சபையில் பேசுவது எப்படி? போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு நடைமுறை வழிகாட்டி

சனிக்கிழமை இரவு ஒரு பெரிய செய்தி வருகிறது. கலவரமாக இருக்கலாம், பூகம்பமாக இருக்கலாம், தேர்தல் முடிவாகவோ பேர்பெற்ற ஊழியர் ஒருவரின் வீழ்ச்சியாகவோ இருக்கலாம். ஞாயிறு காலை சபைக்கு வருகிறவர்கள் அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஆராதனையை முடித்தால், எங்கள் பயம் போதகருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து முழங்கினால், புதன்கிழமை உண்மை வேறாக வெளிவரும்போது பிரசங்க பீடத்தின் மேல் இருந்த நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

"இதைப் பற்றிப் பிரசங்கம் பண்ணலாமா?" என்பதுதான் வழக்கமாக முதலில் எழும் கேள்வி. அதற்கு முன்பே கேட்க வேண்டியது, "ஆராதனையில் இதற்குரிய இடம் எது?" என்பது. விண்ணப்ப ஜெபம், அறிவிப்பு, பிரசங்கம், ஆராதனைக்குப் பின் கூடும் சபைக் கூட்டம் என்று நான்கு இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலான செய்திகள் விண்ணப்ப ஜெபத்துக்கு உரியவை. பிரசங்கத்துக்குள் வரத் தகுதியானவை வருஷத்துக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம்.

முதலில் விசாரியுங்கள்

நீதிமொழிகள் 18:13 கேட்குமுன் பதில் சொல்லுகிறவனைப் புத்தியீனன் என்கிறது. நான்கு வசனம் தள்ளி 18:17, வழக்கில் முதலில் பேசுகிறவன் நியாயமுள்ளவனாகத் தெரிவான், அயலான் வந்து சோதித்த பிறகுதான் உண்மை தெரியும் என்கிறது. இரண்டையும் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் பொருத்துங்கள். முதலில் சொன்னது யார்? படமோ வீடியோவோ எந்தத் தேதியில், எந்த இடத்தில் எடுத்தது? ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு செய்தி நிறுவனங்கள் நேரடியாக விசாரித்து எழுதியிருக்கின்றனவா? ஒரே செய்தி முகமையை மேற்கோள் காட்டும் பத்து சேனல்களைப் பத்துச் சாட்சியாக எண்ணக் கூடாது, அது ஒரே சாட்சிதான்.

காலைக்குள் உறுதியாகவில்லையா? பாதிக்கப்பட்டவர்களுக்காக ஜெபியுங்கள், அதோடு நிறுத்துங்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை, காரணம், செய்தவர்கள் எந்தச் சமூகம் என்ற மூன்றும் முதல் நாளில் அடிக்கடி மாறும். அந்த மூன்றையும் வாயில் எடுக்காதீர்கள்.

விண்ணப்ப ஜெபம்

இதைத் தயாரிக்காமல் செய்வதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். எழுதி வைத்து ஜெபித்தால் ஆவியானவரை மட்டுப்படுத்துவதாகும் என்று சிலர் தயங்குகிறார்கள். எழுதாமல் ஜெபிக்கும்போது நம் கோபம்தான் முதலில் வெளியே வருகிறது. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், நான்கைந்து நிமிடத்தில் முடியுங்கள். இப்படி இருக்கலாம்:

"ஆண்டவரே, வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்களை நினைத்தருளும். காணாமற்போனவர்களைத் தேடுகிறவர்களுக்குப் பெலன் தாரும். நிவாரணத்தைப் பங்கிடுகிற அதிகாரிகளின் கைகளில் நேர்மையைத் தாரும். நாங்கள் செய்ய வேண்டியதை எங்களுக்குக் காட்டும்."

நான்கு விண்ணப்பம், ஒவ்வொன்றிலும் ஒரு மனிதக் கூட்டம், நடுவே போதகரின் கருத்து எதுவும் இல்லை. "இந்தக் கேடுகெட்ட ஆட்சியின் கண்களைத் திறந்தருளும்" என்று தொடங்கினால் அது கண்ணை மூடிக்கொண்டு சபையைப் பார்த்துப் பேசும் மேடைப் பேச்சு. 1 தீமோத்தேயு 2:1-2 ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது. நமக்குப் பிடித்த ராஜாக்களுக்காக மட்டும் என்று அதில் இல்லை. தேர்தல் நாட்களில் ஜெயித்தவர், தோற்றவர் இருவருக்காகவும் ஒரே தொனியில் ஜெபிக்கப் பழகுங்கள்.

துக்கம் பெரிதாக இருந்தால் ஜெபத்துக்கு முன் ஒரு புலம்பல் சங்கீதத்தை வாசிக்கலாம். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம், ஒரு நிமிடம்கூட ஆகாது. சபையாரே தாக்கப்பட்டிருந்தால், பரிசுத்த ஸ்தலம் பாழானதைச் சொல்லி அழுகிற 74 பொருந்தும். வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்லாமல் அரை நிமிடம் மௌனமாக இருங்கள். துதிப்பாடல் குழுவுக்கு முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் கீபோர்டு அந்த மௌனத்தை நிரப்பிவிடும்.

பிரசங்கத்துக்குள் எப்போது?

அன்றைய வேதபகுதி அந்தச் செய்தியைத் தானாகத் தொட்டால் மட்டும். செய்திக்காக வசனம் தேடத் தொடங்கினால் வசனம் செய்திக்கு வேலைக்காரனாகிவிடுகிறது. முப்பது நிமிடப் பிரசங்கத்தில் நடப்புச் செய்திக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதைத் தொடக்கத்தில் வைக்காமல் வசனத்தை விளக்கி முடித்த பிறகு, பிரயோகத்தில் வையுங்கள். தொடக்கத்தில் வைத்தால் கேட்கிறவர்கள் மீதி நேரமெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருப்பார்கள். தயாரித்த பிரசங்கத்தை முழுக்க மாற்றுவது, சம்பவம் உங்கள் சபையாருக்கே நேர்ந்தபோது மட்டும் போதும்.

இதற்கு மாதிரி லூக்கா 13:1-5. அன்றைய சுடச்சுடச் செய்தியோடுதான் இயேசுவிடம் வருகிறார்கள். பிலாத்து கலிலேயர் சிலருடைய இரத்தத்தை அவர்கள் பலிகளோடே கலந்திருந்தான். அதோடு இயேசுவே இன்னொரு செய்தியைச் சேர்க்கிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர். ஒன்று அரசாங்கம் செய்த கொலை, மற்றது விபத்து. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இரண்டு முறையும் இல்லை என்கிறார். பிறகு பேச்சை நேராகக் கேட்கிறவர்களின் மனந்திரும்புதலுக்குத் திருப்புகிறார். பேரிடர் வந்தவுடன் "இது இன்ன பாவத்துக்குத் தண்டனை" என்று சொல்லும் போதகர், இயேசு செய்ய மறுத்ததைச் செய்கிறார். அவர் முன் இருக்கும் சபை வரிசைகளில் செத்தவரின் தங்கை உட்கார்ந்திருக்கலாம்.

யுத்தச் செய்திகளைத் தீர்க்கதரிசனத்தோடு முடிச்சுப் போடுவதும் இதே வகை. அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22ல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். அந்த நாள் கடந்ததும் பலருடைய விசுவாசமே ஆட்டம் கண்டது. மத்தேயு 24:6 யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படும்போது கலங்காதிருக்கச் சொல்கிறது. நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்கே தெரியும் என்று அதே அதிகாரம் 36ஆம் வசனம் சொல்கிறது. எந்தத் தலைவரையும், எந்த நாட்டையும் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஒரு மிருகத்தோடு பெயர் சொல்லி இணைக்காதீர்கள்.

தனியாக முடிவெடுக்காதீர்கள்

யாத்திராகமம் 18ல் காலை முதல் சாயங்காலம் வரை தனியாக நியாயம் விசாரித்த மோசேயிடம், இது நல்லதல்ல, நீர் தொய்ந்துபோவீர் என்று அவர் மாமனார் எத்திரோ சொல்கிறார். போதகருக்கும் இது பொருந்தும். மூன்று பேர் கொண்ட சிறு குழுவை முன்கூட்டியே அமையுங்கள்: ஒரு மூப்பர், பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒருவர், வாலிபர்களில் ஒருவர். மூவரில் ஒருவராவது அரசியலில் உங்களுக்கு மாறான கருத்து உள்ளவராக இருக்கட்டும். இதுதான் முக்கியம். நம்மோடு ஒத்துப்போகிறவர்களுக்கு நம் வாக்கியத்தில் இருக்கும் முள் தெரியாது. சனிக்கிழமை இரவு இருபது நிமிடத் தொலைபேசிப் பேச்சு போதும். எழுதியதை வாசித்துக் காட்டி, "எந்த வரி உங்களைக் காயப்படுத்துகிறது?" என்று கேளுங்கள். ஒருவர் ஒரு வரியைக் காட்டினாலும் அதை எடுத்துவிடுங்கள்.

சபையாக அறிக்கை விட வேண்டி வந்தால்

அப்போஸ்தலர் 15ல் எருசலேம் சபை எழுதிய கடிதம் நல்ல அளவுகோல். யாரிடமிருந்து, யாருக்கு என்று தொடங்குகிறது. உங்களைக் கலக்கினவர்களுக்கு நாங்கள் கட்டளை கொடுக்கவில்லை என்று தெளிவாக்குகிறது. கேட்டுக்கொள்வது நான்கே காரியம். கடிதத்தோடு யூதாவும் சீலாவும் நேரில் போய் வாய்மொழியாகவும் சொல்கிறார்கள். காகிதத்தை மட்டும் அனுப்பினால் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

ஹிட்லர் ஆட்சியின் கொள்கை சபைக்குள் நுழைவதை எதிர்த்த ஜெர்மன் சபையார் 1934 மே மாதம் பார்மென் என்ற ஊரில் வெளியிட்ட அறிக்கை இன்னொரு வடிவம் தருகிறது. அதன் ஆறு பகுதிகளும் ஒரே அமைப்பு: முதலில் வேதவசனம், பிறகு நாங்கள் விசுவாசிப்பது, பிறகு நாங்கள் மறுக்கிற உபதேசம். இந்த வரிசையைப் பின்பற்றினால் அறிக்கை வசைபாடலாக மாறாது. ஆனால் அன்று யூதர்களுக்கு நடந்துகொண்டிருந்த அநியாயத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை எழுதியவர்களில் முதன்மையான இறையியலாளர் கார்ல் பார்த் பின்னாளில் இந்த மௌனத்தைத் தம்முடைய குற்றமாக ஏற்றுக்கொண்டார். அதனால் கையெழுத்துக்கு முன் கடைசியாக ஒன்றைப் பாருங்கள்: அடிபடுகிறவர்கள் யார், அவர்கள் இந்தக் காகிதத்தில் இருக்கிறார்களா?

நிவாரணக் காணிக்கை

பஞ்சம் வரும் என்று அகபு என்ற தீர்க்கதரிசி சொன்னதும் அந்தியோகியா சபை தங்கள் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேகரித்து, பர்னபா, சவுல் கையில் அனுப்பியது (அப்போஸ்தலர் 11:28-30). 2 கொரிந்தியர் 8:20-21ல் பவுல், இந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாக இருப்பதாக எழுதுகிறார். உறவினர் அல்லாத இருவர் சேர்ந்து எண்ண வேண்டும். பொதுக் காணிக்கையோடு கலக்கக் கூடாது. எந்த நாள் வரை வாங்குவோம், யாருக்குப் போகும் என்பதை முதல் அறிவிப்பிலேயே சொல்லுங்கள். அனுப்பிய பின் வந்த தொகையும் போன தொகையும் ரசீதோடு அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

ஊழியரின் வீழ்ச்சி

மூப்பர்மேல் வரும் பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது. அடுத்த வசனம், பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. முதல் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு காரியத்தை மூடி மறைத்த சபைகள் உண்டு. பிள்ளைகள்மேல் அல்லது பெண்கள்மேல் நடந்த குற்றமாக இருந்தால் அது சபை விசாரணையில் முடிகிற காரியம் இல்லை. முறையிட்டவருக்குத் துணைநின்று, பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் தாமதமின்றி காவல்துறைக்குத் தெரிவியுங்கள். விசாரணை முடியும்வரை குற்றம்சாட்டப்பட்டவர் பிரசங்க பீடத்திலும் சிறுவர் வகுப்பிலும் இருக்கக் கூடாது. முறையிட்டவரின் பெயரை ஜெபக் குறிப்பாகக்கூட வெளியிடாதீர்கள்.

தவறாகச் சொல்லிவிட்டால்

எவ்வளவு கவனித்தாலும் சில நேரம் தவறான தகவல் வாயிலிருந்து போய்விடும். திருத்தத்தை அடுத்த ஞாயிறே, முதலில் சொன்ன அதே இடத்தில் நின்று சொல்லுங்கள். பிரசங்கத்தில் சொன்னதை அறிவிப்புத் தாளின் மூலையில் திருத்தினால் அது திருத்தமாகாது. "போன வாரம் இன்னதைச் சொன்னேன், அது சரியல்ல, சரியானது இது" என்று மூன்று வாக்கியம் போதும், காரணம் அடுக்க வேண்டாம். பிரசங்கத்தின் வீடியோ பதிவேற்றப்பட்டிருந்தால் அந்தப் பகுதியை நீக்கி, நீக்கியதை விவரக் குறிப்பில் எழுதுங்கள். பெயர் சொல்லி யாரையாவது குறை கூறியிருந்தால், ஞாயிறுக்கு முன்பே அவரை நேரில் போய்ப் பாருங்கள்.