போல்ட் துப்பாக்கியில் டிரிக்கர் கோளாறு: ஏற்காட்டுக் குளிருக்கும் சேலத்து வெயிலுக்கும் ஒரு வழிகாட்டி

ஏற்காட்டில் மார்கழிக் காலையில் டிரிக்கர் அசையாமல் நின்றாலோ, அழுத்திய டிரிக்கர் திரும்பி வராமல் போனாலோ, ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்களே அதிகம். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எண்ணெயை, அதற்கடுத்து துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டையை. உலோகப் பாகங்களின் தேய்மானம் மூன்றாவதாகத்தான் வரும். அது வந்தாலோ, வீட்டில் கைவைக்கக் கூடாது.

எந்தச் சோதனைக்கும் முன்னால் தோட்டாக்களை வைக்கும் மேகஸினைக் கழற்றி, தோட்டா அறையைத் திறந்து மூடும் உருளையான போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்ப்பதோடு சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. சோதனை முழுவதும் குழல் ஆளில்லாத பக்கம், மண்சுவரையோ மேட்டையோ நோக்கியிருக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இந்தச் சரிபார்ப்பை முதலிலிருந்து செய்வது அவசியம்.

துப்பாக்கிக்குத் தேங்காயெண்ணெய் பூசும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அந்த எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். சேலத்தில் நீர்போல ஓடும் எண்ணெய், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் விடியற்காலையில் வெண்ணெய்போல் கெட்டியாகி, டிரிக்கருக்கும் சியருக்கும் இடையே அடைத்துக்கொள்கிறது. சியர் என்பது, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி பின்னுக்கு வந்ததும் அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி. அதன் பிடி மிகச் சிறிய விளிம்பில்தான் நிற்கிறது என்பதால், அங்கே படியும் பிசுக்கு அதை முழுமையாக எழும்ப விடாது. தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு மாதக்கணக்கில் கழித்துத் திரும்ப வாங்கும் துப்பாக்கிகளிலும் இதே நிலைதான். அவற்றில் பழைய எண்ணெய் காய்ந்து பழுப்புப் பசையாகியிருக்கும். போல்ட்டைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெயில் இலேசாகத் தோய்த்த பழைய டூத்பிரஷ்ஷால் டிரிக்கரைச் சுற்றியும் சியர் எழும்பும் துளையிலும் தேய்த்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். மண்ணெண்ணெய் மரத்தில் ஊறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டிரிக்கர் சுழலும் பின்னில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு போதும். துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே பீய்ச்சுவதை நான் ஏற்பதில்லை. அன்றைக்கு இலகுவாகும், ஆனால் அது விட்டுச் செல்லும் படலமே நாளடைவில் தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிடும்.

சுத்தம் செய்த பிறகும் டிரிக்கரின் இழுப்பு நாளுக்கொரு விதமாக இருந்தால் மரக்கட்டையைப் பார்க்க வேண்டும். பழைய லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ரைஃபிளின் அமைப்பில் டிரிக்கர், துப்பாக்கியின் உலோக உடலில் அல்லாமல், கீழே டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையமான டிரிக்கர் கார்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. சியரோ மேலே உடலில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மரம். மழைக்காலப் பனிமூட்டத்தில் மரம் ஊதினால் டிரிக்கர் சியரை விட்டு விலகி, இரண்டு கட்டமாக வரும் இழுப்பில் முதலாவது நீண்டு, விரல் உணர வேண்டிய இரண்டாம் நிலை மங்கிவிடுகிறது. அதே கட்டை சேலத்துச் சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கும்போது, டிரிக்கர் சியரை நெருங்கி அழுத்தி, அதன் பிடியைக் குறைக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்தானது. அதே லீ-என்ஃபீல்டின் பிற்காலத்து எண் 4 மார்க் 2 மாதிரியில் டிரிக்கரை உடலிலேயே தொங்கவிட்டது இந்தக் குறையைப் போக்கத்தான். கார்டின் ஸ்குரூக்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று, பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவரால் சோதித்து, முன்புறத்ததை முதலில், பின்புறத்ததைப் பிறகு, அளவோடு இறுக்கலாம்; மரம் நசுங்கும் அளவுக்கு இறுக்கினால் மேலே சொன்ன ஆபத்தை நாமே வரவழைத்தவர்கள் ஆவோம்.

அடுத்தது சியரின் பிடி. காலித் துப்பாக்கியில் போல்ட்டைப் பத்துப் பதினைந்து முறை வேகமாகத் தள்ளி மூடுங்கள். ஊசியின் பின்முனை ஒவ்வொரு முறையும் பின்னாலேயே நிற்க வேண்டும். பிறகு சேஃப்டியைப் போட்டு டிரிக்கரை அழுத்தி விட்டுவிட்டு, விரலை முற்றிலும் எடுத்தபின் சேஃப்டியை நீக்குங்கள்; ஊசி விழக் கூடாது. கடைசியாக, சேஃப்டி நீங்கிய நிலையிலேயே பின்கட்டையை உள்ளங்கையால் அழுத்தமாகத் தட்டிப் பாருங்கள். .22 ரைஃபிளாக இருந்தால் போலித் தோட்டா போட்டுத்தான் இவற்றைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதிப் பள்ளமாக்கும். இந்த மூன்றில் எதிலாவது ஒரே ஒரு முறை ஊசி தானாக விழுந்தாலும் அந்தத் துப்பாக்கியில் இனித் தோட்டா ஏற்றக் கூடாது. ஒருமுறைதானே, அழுக்காக இருக்கும் என்று விடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. டிரிக்கருக்குள் வேண்டாத பொருள் சிறிது இருந்தாலே என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு: அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 2014-இல் எக்ஸ்-மார்க் புரோ என்ற டிரிக்கர் பொருத்திய தன் மாடல் 700 ரைஃபிள்களைத் திரும்ப அழைத்தது, டிரிக்கர் அமைப்பில் மிகுதியாகப் படிந்த ஒட்டுப்பொருளால் துப்பாக்கி தானாக வெடிக்கக்கூடும் என்பதால்தான்.

சியரை அரம் போட்டு இலகுவாக்கித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். அதன் கடினமான மேற்பரப்பு மெல்லியது; கோணம் சற்றே மாறினாலும் பிடி நழுவும். திருத்தும் ஸ்குரூ உள்ள புதுவகை டிரிக்கர்களில் அரக்கு முத்திரை உடைந்திருந்தால், யாரோ ஏற்கெனவே திருகிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

டிரிக்கரை அழுத்தி ஊசி விழுந்தும் தோட்டா வெடிக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் போல்ட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கிலோ ஊசியிலோதான். அப்போது குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி ஒரு நிமிடம் முழுக்கக் காத்திருந்த பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும்.

பழுது பார்ப்பதைத் தொழிலாகச் செய்ய 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், அத்தகைய உரிமம் உள்ளவரிடம் மட்டுமே கொடுங்கள். போகும்போது போல்ட்டைத் தனியே கழற்றி, உரிமப் புத்தகத்தோடு, கோளாறு எந்தச் சோதனையில், காலைக் குளிரிலா நடுப்பகலிலா, எத்தனை முறைக்கு ஒருமுறை வந்தது என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள்; கடையின் வெப்பத்தில் அந்த எண்ணெய் இளகி, கோளாறே இல்லாததுபோல் தோன்றக்கூடும்.