பழைய காரில் எஞ்சின் சத்தமா? பிரிப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஓடும் மாருதி 800, ஆம்னி போன்ற பழைய வண்டிகளில் வரும் பல சத்தங்களுக்கு எஞ்சினின் உட்பாகம் காரணமே இல்லை. உப்புக்காற்றில் துருவேறிய தகடு, தளர்ந்த பெல்ட், குறைந்துபோன ஆயில் என்று சின்ன விஷயமாகவே முடியும். செலவில்லாத சோதனையில் தொடங்குங்கள். "எஞ்சின் வேலை இருக்கு" என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள்.

முதலில் ஆயில்

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து 10 நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி எடுத்துப் பாருங்கள். கீழ்க்குறிக்குக் கீழே இருந்தால் அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல்குறியைத் தாண்டக் கூடாது. ஓடும்போது ஆயில் லைட் எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

சத்தம் எங்கிருந்து?

ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுங்கள். கூடவே சத்தமும் வேகமெடுத்தால் எஞ்சின் பக்கம். வண்டி உருளும்போது மட்டும் வந்து, ஓட்டத்திலேயே நியூட்ரலுக்கு மாற்றினாலும் தொடர்ந்தால் பெரும்பாலும் வீல் பேரிங்தான்.

அடுத்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோரம் வைத்து, முனையால் ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது), வாட்டர் பம்ப், எஞ்சின் மேலே டேப்பெட்டை (வால்வுகளைத் திறந்து மூடும் பாகங்கள்) மூடியிருக்கும் மூடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேளுங்கள். தொங்கும் துணியோ முடியோ பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று தானாகச் சுற்றும், கவனம்.

கிரீச்சென்றால் பெல்ட்

ஐப்பசி, கார்த்திகை மழையில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கத்திவிட்டு அடங்குவது இதுதான். எஞ்சினை அணைத்து, பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் 10 மி.மீ.க்கு மேல் இறங்கினால் ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி, வெளிப்பக்கம் நெம்பி இறுக்குங்கள். விண்ணென்று இறுக்கினால் பேரிங் போய்விடும். வெடிப்பு விழுந்த பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். இறுக்கியும் உறுமல் கேட்டால் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் ஆல்டர்னேட்டர் அல்லது வாட்டர் பம்ப் பேரிங். பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்ப் சுற்றாது, அதனால் நேரம் தாண்ட வேண்டாம்.

டேப்பெட் என்று ஏமாற்றும் சைலன்சர்

கடலோர வண்டிகளில் இதைத் தவறவிடவே கூடாது. மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) இணைப்பின் கேஸ்கெட் கசிந்தாலும் "டிக் டிக்" என்றே கேட்கும். குளிர்ந்த எஞ்சினில் பலமாகவும், சூடேறி இரும்பு விரிந்ததும் குறைவாகவும் இருக்கும். இணைப்பில் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் செய்த உடனே, பைப் சுடுவதற்குள், தடித்த துணியால் சைலன்சர் வாயை இரண்டு விநாடி பொத்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் "புஸ்" என்று சீறும். இதைத் திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். கடகடவென்று ஆடுவது சைலன்சர் பைப் சூட்டை மறைக்கும் துருவேறிய வெப்பத் தகடு என்றால், எஞ்சின் ஆறியபின் பெரிய ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினால் தீர்ந்தது.

உண்மையிலேயே டேப்பெட் என்றால்

வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் வேகத்தில் பாதியில்தான் சுற்றும். அதனால் டேப்பெட் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதித் தாளத்தில், மெல்லிசாக மேலிருந்து வரும். மாருதி 800-இல் இதை நீங்களே சரிசெய்யலாம்.

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். மூடியையும் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே டைமிங் குறி நேராகும்வரை திருப்புங்கள். முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் கைகள்) தளர்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ராக்கருக்கும் வால்வு முனைக்கும் இடையில் விடுங்கள். குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டிய அளவை, உங்கள் மாடலுக்கான கையேட்டில் பாருங்கள். கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். இல்லையென்றால் லாக் நட்டைத் தளர்த்தி, ராக்கரில் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பிறகு ஸ்க்ரூவை அசையாமல் பிடித்து லாக் நட்டை இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போதுதான் அளவு மாறிவிடுகிறது. பிறகு மூன்றில் இரண்டு சுற்று திருப்பி மூன்றாவது சிலிண்டர், அதேபோல் திருப்பி இரண்டாவது. எண்ணெய் கசியாதபடி மூடிக்குப் புது கேஸ்கெட் போடுங்கள்.

சத்தமே கேட்கக் கூடாதென்று அளவைக் குறைத்துவிடாதீர்கள். வால்வு முழுதாக மூடாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். லேசான டிக் டிக் இருப்பது நல்லது.

டொக் டொக் என்று அடியில் இடித்தால்

மேம்பாலம் ஏறும்போது மட்டும் கலகலவென்று வந்தால் இக்னிஷன் டைமிங், கார்பன், எஞ்சின் சூடு ஆகியவற்றைப் பாருங்கள். குளிரில் வந்து, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் தேய்மானம். கொஞ்ச நாள் ஓட்டலாம். ஆனால் சூடான பிறகும் கனமாக, லோடு ஏற ஏற பலமாக இடித்தால் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) பேரிங். அதற்குமேல் ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஆயில் சேம்பரைக் கழற்றி, பேரிங்கையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். ஷாஃப்ட்டில் கோடு விழாமல், அளவும் சரியாக இருந்தால் பேரிங் செட் மாற்றினாலே போதும். முழு எஞ்சினையும் பிரிக்க ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.