விசிட்டிங் கார்டு: புதிதாகக் கடை போடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

மதுரை தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி நடக்கும்போதெல்லாம் புதிதாக ஸ்டால் எடுத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சுங்குடி (துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் மதுரைச் சேலை) வியாபாரத்துக்கு வந்த புதிதில் நாங்கள் பண்ணிய அதே கூத்துதான். விசிட்டிங் கார்டை வலது கையால் கொடுக்க வேண்டும், கசங்கியதைக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

அடுத்தவர் கார்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. போன தீபாவளி சீசனுக்கு முன்னால், ஆன்லைனில் சேலை விற்க ஆரம்பித்திருந்த ஒரு தங்கச்சி, "நல்லா சாயம் போடுறவங்க யாராவது இருக்காங்களா அக்கா?" என்று கேட்டாள். எங்களுக்கு வருஷக்கணக்காகச் சாயம் போட்டுத் தருகிற அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர் கார்டைக் கொடுத்தேன். அவள் அதைப் போட்டோ எடுத்து, ஏகப்பட்ட பேர் இருக்கிற ஒரு குரூப்பில், 'நேரடி உற்பத்தியாளர், ஹோல்சேல் விலை' என்று போட்டுவிட்டாள். அவர் சேலை விற்பவரே இல்லை, முடிச்சுப் போட்டுக் கொண்டுவரும் துணிக்குக் கூலிக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பவர். ராத்திரி 11 மணிக்கு ஒரு சேலை என்ன விலை, கொரியர் உண்டா, வேறு கலர் காட்டுங்கள் என்று ஓயாமல் போன். மனுஷன் வெறுத்துப்போய் போனை அணைத்து வைத்துவிட்டார், அதில் என் அழைப்பும் போகவில்லை. பெண்கள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக முடிச்சுப் போட்ட துணி, சாயத்துக்குப் போகாமல் மூட்டையாகக் கிடந்தது. சீசனில் அது எவ்வளவு பெரிய அடி என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நேரில் போனேன். "நீ சொன்னதாலதானேம்மா சரின்னேன்" என்றார், அவ்வளவுதான். ஆனால் அதுவரை கடனுக்குச் செய்தவர் இப்போது முன்பணம் கேட்கிறார்.

உங்களிடம் ஒருவர் கொடுத்த கார்டு உங்களுக்கு மட்டும்தான். வேறு யாராவது கேட்டால், கேட்டவருடைய கார்டை, உங்களுக்குக் கார்டு கொடுத்தவருக்கு அனுப்புங்கள், விருப்பம் இருந்தால் அவரே கூப்பிட்டுக்கொள்வார்.

பின்பக்கத்தையும் நிரப்புவது

விளக்குத்தூண் பக்கம் மொத்தக் கடைகளில் டிசைன் நம்பரையும் விலையையும் கார்டின் பின்னால்தான் கிறுக்குவோம். இரண்டு பக்கமும் கறுப்படித்து லேமினேஷன் போட்டால் பேனாவே பிடிக்காது. அப்புறம், மூன்றரைக்கு இரண்டு அங்குலமே போதும். வட்டம், மாங்காய் வடிவமெல்லாம் யாருடைய கார்டு ஆல்பத்திலும் நுழையாது.

புவிசார் குறியீட்டு முத்திரை

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசு அங்கீகாரம், கிடைத்தது, சரி. அதற்காக எல்லோரும் அந்த முத்திரையைக் கார்டில் போட்டுக்கொள்ள முடியாது. 1999-ம் வருஷச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த உரிமை. மெஷினில் பிரின்ட் அடித்த சேலையை விற்றுக்கொண்டு இதைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல.

துக்க வீட்டில் கொடுப்பது

வேண்டாம்.

கல்யாண மண்டபத்தில்

கேட்டால் கொடுங்கள். மொய் எழுதும் மேஜையில் கட்டாக வைத்துவிட்டு வராதீர்கள்.