மிதித்துப் பார்த்தால் போதுமா? மின்சார சொகுசு காரை ஓட்டிப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சிங்கப்பூரின் லெங் கீ சாலையில் ஒரு புது மின்சார சொகுசு செடானை ஓட்டிப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாப்ளே, மிதிச்சா ஏரோப்ளேன் மாதிரி போகுது!" என்றார். சரி, பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை. உங்கள் அடுக்குமாடி புளோக் கார் நிறுத்துமிடத்தில் அது நிற்குமா? தெரியாது. எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்? அலெக்சாண்ட்ரா சாலை, ஆயர் ராஜா விரைவுச்சாலையில் கொஞ்சம், திரும்பி ஷோரூம். மொத்தம் இருபது நிமிடம்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோதும் இதே கதைதான். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து இன்னொரு முறை போனோம். இந்தத் தடவை மாமியாரையும் கூட்டிக்கொண்டு. எந்தக் கம்பெனியின் கார் என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வகைக் கார் எதற்கும் பொருந்துகிற விஷயங்களைத்தான் சொல்லப்போகிறேன்.

பெரிய தவறு அந்த மிதியை நம்புவது. மின்சார மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலத்தையும், கொடுத்துவிடும். கியர் மாறும்வரை, என்ஜின் சுழற்சி ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெட்ரோல் காரிலேயே பழகியவருக்கு எந்த மின்சார காரில் ஏறினாலும் முதுகு சீட்டில் அப்பிக்கொள்ளும். பாதி விலைக் காரிலும் அதே சிலிர்ப்பு உண்டு. பிஎம்டபிள்யூ ஐ7 எக்ஸ்டிரைவ்60-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 400 கிலோவாட் சக்தி, 745 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.7 விநாடி. ஆனால் சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேகமே 90. ஐந்து விநாடிக்குள் சட்டம் அனுமதிக்கும் எல்லையைத் தொட்டுவிட்டு, மீதி நாளெல்லாம் என்ன செய்யப்போகிறோம்?

மீதி நாளெல்லாம் மத்திய விரைவுச்சாலையில் சாயங்கால நெரிசலில் ஊர்ந்துகொண்டிருப்போம். அதனால் 10 முதல் 40 வரையிலான வேகத்தில்தான் இந்தக் காரைச் சோதிக்க வேண்டும். முன்னால் போகிற வண்டி நகர்ந்ததும் கால் விரலை லேசாக அழுத்துங்கள். வண்டி குதிக்கிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா? நிறுத்தும்போது கடைசி ஒரு மீட்டரில் தலை முன்னால் ஆடுகிறதா? சொகுசு என்று நாம் காசு கொடுப்பது இதற்குத்தான்.

பிரேக் விஷயம் இன்னும் நுணுக்கமானது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் டைனமோ போல வேலைசெய்து, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். வண்டியும் தானாகவே வேகம் குறையும். இதை ரீஜென் என்கிறார்கள். எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்பதை ஓட்டுபவர் தேர்ந்தெடுக்கலாம். சாலையைப் பார்த்து வண்டியே முடிவெடுக்கும் அமைப்பும் பல கார்களில் உண்டு. பலர் ஷோரூமில் எந்த அமைப்பில் விட்டிருக்கிறார்களோ அதிலேயே ஓட்டிவிட்டு, "பிரேக் ஒரு மாதிரியா இருக்கு" என்றோ "பிரேக்கே தேவையில்லை" என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். எல்லா அளவிலும் ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்கள்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. பேட்டரி 100 சதவீதம் நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்தை வைக்க இடமிருக்காது. அதனால் ரீஜென் குறைந்து, சாதாரண பிரேக்தான் பெரும்பாலும் வேலைசெய்யும். வாடிக்கையாளர் வருகிறார் என்று முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்த காரில் நீங்கள் உணர்வது அன்றாடம் ஓட்டப்போகிற பிரேக் அல்ல. 60, 70 சதவீதம் இருக்கிற காரைக் கேளுங்கள். கேட்டால் விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இப்போது பின்சீட்டுக்கு வருவோம். சொகுசு செடான் என்றாலே பாதி மதிப்பு பின்னால்தான். ஐ7-இல் பின்சீட்டுக்காரருக்கென்று கூரையிலிருந்து இறங்கும் 31.3 அங்குலத் திரைகூட உண்டு. அப்படியிருந்தும் ஓட்டிப் பார்க்கப் போகிற பத்தில் எத்தனை பேர் பின்னால் ஏறி அரை மணி நேரம் போகிறார்கள்? நாங்கள் போன இரண்டாவது தடவை மாமியாரைப் பின்னால் உட்கார வைத்து ஈசூனிலிருந்து தேக்கா வரை வந்தோம். மச்சான் ரீஜெனைப் பலமாக வைத்துக்கொண்டு, காலை எடுப்பதும் வைப்பதுமாக ஓட்டினார். சிராங்கூன் சாலை வருவதற்குள் அத்தை, "டேய், தலை சுத்துதுடா, நிறுத்து" என்றார். ஓட்டுகிறவருக்கு அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரியும். பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. முன்பெல்லாம் என்ஜின் சத்தம் ஏறி இறங்குவதை வைத்து உடம்பு ஊகித்துக்கொள்ளும், இங்கே அதுவும் இல்லை. திரும்பி வரும்போது ரீஜெனைக் குறைத்து ஓட்டினார். அத்தை தூங்கிவிட்டார்.

அவர் சொன்ன இன்னொரு குறை: "முட்டி தூக்கிக்கிட்டே இருக்கு, மணையில குந்தின மாதிரி." பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் சில மின்சார கார்களில் தரை உயர்ந்து, சீட்டுக்கும் காலடிக்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடும். கால் நீட்ட இடம் தாராளமாக இருக்கும். ஆனால் தொடை சீட்டில் படியாது. ஐந்து நிமிடத்தில் இது தெரியாது. தெரிய வேண்டுமானால் வீட்டிலேயே உயரமானவரையும் வயதானவரையும் மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். ஏறி இறங்கும்போது தலை இடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். காற்றைக் கிழித்துப் போவதற்காகக் கூரையைப் பின்பக்கம் சரித்து வடிவமைக்கிறார்கள். 2021-இல் வந்த மெர்சிடிஸ் இக்யூஎஸ்ஸின் காற்றிழுவை எண் (குறையக் குறையக் காற்று எதிர்ப்பும் குறைவு) 0.20; அந்த எண் அழகுதான், அந்தச் சரிவுக்குக் கீழே குனிந்து ஏற வேண்டியது நம் பெரியவர்கள்.

அமைதியை அளப்பதிலும் ஏமாறுகிறோம். ஷோரூம் வாசலில் கதவைச் சாத்தியதும் வருகிற நிசப்தம் எல்லாரையும் மயக்கிவிடும். என்ஜின் சத்தம் இல்லாதபோது அது இதுவரை மூடி மறைத்த டயர் இரைச்சலும் காற்று இரைச்சலும்தான் முன்னுக்கு வரும். இதைச் சோதிக்க என் இடம் காலாங் - பாய லேபார் விரைவுச்சாலை. 12 கிலோமீட்டரில் 9 கிலோமீட்டர் சுரங்கம். சுவரில் மோதித் திரும்பும் இரைச்சலில் எந்தக் காரின் குட்டும் வெளிப்பட்டுவிடும். போகும் முன் இரண்டை அணைத்துவிடுங்கள்: பாட்டு, அப்புறம் வண்டி தானாகவே எழுப்பும் செயற்கை ஒலி. பிஎம்டபிள்யூ தன் மின்சார கார்களுக்கு சினிமா இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரை வைத்தே ஒலி அமைத்திருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சோதிக்க வந்தது அதையல்ல.

மாலையில் போய் ஓட்டுவதும் ஒரு தவறு. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 1 மணியை ஒட்டித்தான். அந்த நேரத்தில், திறந்தவெளியில் அரை மணி நேரம் நின்ற காரில் ஏறுங்கள். கண்ணாடிக் கூரை அழகா அடுப்பா என்று அப்போது தெரியும். திரை இருக்கிறதா, ஏர்கான் எத்தனை நிமிடத்தில் பின்சீட்டைக் குளிர்விக்கிறது என்று பாருங்கள். பிறகு கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், பின்பக்கத்தவை 25 சதவீதம் என்பது இங்கே விதி. மின்சார காருக்கு ஒரு நல்லதையும் சொல்லிவிட வேண்டும். சும்மா நிற்கும்போது என்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது என்ஜினே இல்லாத காரில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட என்னைச் சிரிக்க வைத்தது கார் நிறுத்துமிடம். இங்கே ஒரு லாட்டின், அதாவது ஒரு கார் நிற்கும் கட்டத்தின், குறைந்தபட்ச அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். ஐ7-இன் நீளம் 5.39 மீட்டர், இக்யூஎஸ் 5.22 மீட்டர். அதாவது கோட்டைத் தாண்டி அரை மீட்டர் அளவுக்கு மூக்கு வெளியே நிற்கும். ஐ7-இன் அகலம் 1.95 மீட்டர், நடுவில் சரியாக நிறுத்தினாலும் பக்கத்துக்கு இரண்டு கையகல இடம்தான், தடித்த கதவைத் திறந்து அத்தையை இறக்க அது போதாது. விற்பனையாளரைக் கெஞ்சி, மச்சானின் வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்கே அந்தக் காரைக் கொண்டுபோனோம். மூன்றாவது மாடி வளைவில் மச்சானுக்கு வியர்த்துவிட்டது. கீழே நின்றிருந்த பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தம்பி, கப்பலை ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்க?" என்றார்.

பின்சக்கரமும் திரும்பும் அமைப்பு இந்த இடத்தில் பெரிய துணை. ஐ7-இல் பின்சக்கரம் 3.5 டிகிரி வரை திரும்பும். இக்யூஎஸ்ஸில் சாதாரணமாக 4.5, கூடுதல் வசதியாக 10 டிகிரி. இது ஓட்டுவதற்கு வேடிக்கை காட்டும் வசதி என்று நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஓட்டிப் பார்க்கும் காரில் அது இருந்து, நீங்கள் வாங்கப்போகும் காரில் இல்லாவிட்டால் இரண்டும் வேறு வேறு கார். கொண்டோவில் இயந்திரக் கார் நிறுத்துமிடம் இருந்தால் எடை வரம்பையும் பாருங்கள். ஐ7 இரண்டரை டன்னுக்கும் மேல்.

தூரக் கணக்கில் நடக்கும் தவறு எளிது, விளக்கமும் எளிது. முகப்புத் திரையில் காட்டும் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' என்பது பெரும்பாலும் அண்மையில் ஓட்டியதை வைத்துப் போடும் ஊகம். உங்களுக்கு முன்னால் வந்த நாலு பேர் மிதி மிதியென்று மிதித்திருந்தால் அது குறைவாகத்தான் காட்டும். கிளம்பும்போது பயண அளவியைப் பூஜ்யமாக்கிவிட்டு, முடிவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை கிலோவாட் மணி என்று பாருங்கள். ஐ7-இன் பயன்படும் பேட்டரி அளவு 101.7 கிலோவாட் மணி. அளவி 20 என்று காட்டினால் 500 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இந்தத் தீவு கிழக்கு மேற்காகவே ஐம்பது கிலோமீட்டர்தான் என்பதால் உள்ளூருக்கு இது தாராளம். துவாஸ் வழியாகக் கோலாலம்பூர் போகிறவர் கணக்கு வேறு. மலேசிய நெடுஞ்சாலையில் 110-இல் ஓட்டினால், 90-இல் இருப்பதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று எதிர்த்து நிற்கும். இங்கே வந்த எண்ணை அங்கே நம்பாதீர்கள்.

சார்ஜ் ஏற்றும் வேகத்தைக் காரின் எண்ணை வைத்து மட்டும் பேசுவதும் வீண். ஐ7 டிசி (வேக) சார்ஜரில் 195 கிலோவாட் வரை வாங்கும். ஆனால் கொடுப்பது சார்ஜ் கம்பம். நீங்கள் போகிற கடைத்தொகுதியில் 50 கிலோவாட் கம்பம்தான் இருந்தால் 10 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வீவக கார் நிறுத்துமிடங்களில் பரவலாக இருக்கும் 7.4 கிலோவாட் கம்பத்தில் 20-இலிருந்து 80-க்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல். இரவில் போட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு அது பிரச்சினையே இல்லை. புளோக்கில் கம்பம் எத்தனை, இரவு பத்து மணிக்கு எத்தனை காலியாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. டெஸ்ட் டிரைவுக்கு முந்தைய நாள் ராத்திரி கீழே இறங்கி ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

செலவுப் பக்கம் அதிகம் பேசப்போவதில்லை. 110 கிலோவாட்டுக்கு மேல் போனால் சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழில், 'பி' பிரிவு. இந்த வகை கார் எல்லாம் அதில்தான். சாலை வரி மோட்டாரின் சக்தியை வைத்து ஏறும். அதற்கு மேல் பெட்ரோல் வரிக்கு ஈடாக ஆண்டுக்கு 700 வெள்ளி தனி. அதனால் சக்தி கூடின மாடலை ஓட்டி மயங்கி, குறைந்த மாடலை ஓட்டியே பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். மிதியைத் தவிர மற்ற சொகுசு பெரும்பாலும் அதிலும் உண்டு.

கடைசியாக, கிளம்பும் முன் நீட்டுவார்களே ஒரு தாள், அதைப் படியுங்கள். விபத்து நடந்தால் காப்புறுதி கொடுப்பதற்கு முன் உங்கள் கையிலிருந்து போக வேண்டிய தொகை எவ்வளவு என்று அதில் இருக்கும். முதல் தடவை மச்சான் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டாவது தடவை நான் விரலை வைத்துக் காட்டியதும் படித்தார், நிமிர்ந்து ஒரு தடவை காரைப் பார்த்தார். அன்று முழுக்க அவர் மிதிக்கவே இல்லை.