குழந்தைப் படங்கள்: எடுக்கும்போதும் எடுத்து வைக்கும்போதும் செய்யும் தவறுகள்

இப்போதெல்லாம் குழந்தை தவழ ஆரம்பிப்பதற்குள் வீட்டு ஃபோன்களில் ஆயிரக்கணக்கில் படம் சேர்ந்துவிடுகிறது. நம் அப்பா அம்மாவுக்கு மொட்டை போட்ட அன்று ஸ்டூடியோவில் எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் இருக்கும். ஆனால் அது இன்றைக்கும் இருக்கிறது. நாம் எடுத்துத் தள்ளும் ஆயிரங்களில் எத்தனை, பிள்ளை வளர்ந்து கேட்கும்போது கைக்குக் கிடைக்கும் என்பதுதான் என் கவலை. தவறுகளில் பெரும்பாலானவை படம் எடுத்த பிறகு நடப்பவை என்பதால், எடுக்கும்போது நடப்பவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஃபோன் லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருந்தால் படம் மங்கும். பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். நின்றபடி மேலிருந்து எடுக்காமல், தரையில் உட்கார்ந்து குழந்தையின் கண் மட்டத்தில் எடுங்கள். ராத்திரி ட்யூப்லைட்டையும் ஃபிளாஷையும் நம்புவதைவிட, காலையில் ஜன்னல் ஓரமாக வரும் வெளிச்சம் எவ்வளவோ மேல். "இங்க பாரு, சிரி" என்று கத்தினால் வருவது சிரிப்பு இல்லை, பல்தான். குழந்தை ஏதோ வேலையில் மூழ்கியிருக்கும்போது சத்தம் காட்டாமல் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, வீடு அலங்கோலமாக இருக்கிறது என்று பின்னணியை மறைப்பது. போர்ட்ரெய்ட் மோடில் எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடுகிறோம். பழைய படம் ஒன்றை எடுத்து வைத்து வீட்டாரிடம் காட்டிப் பாருங்கள். முகத்தைப் பார்த்த மறுநிமிடம் எல்லோரும் பேசுவது பின்னால் இருக்கும் பொருட்களைப் பற்றித்தான். அந்த சிமெண்ட் தரை, கொடியில் காயும் புடவை, வாசலில் நிற்கும் டிவிஎஸ் ஃபிஃப்டி, சுவரில் தினசரி காலண்டர். காலண்டர் தாளில் தேதி தெரிந்தால் அது என்றைக்கு எடுத்த படம் என்ற கேள்வியே எழாது. அதனால் பத்தில் சில படங்களையாவது வீடு தெரியும்படி எடுங்கள். அப்புறம், படம் எடுப்பவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். பெரும்பாலும் அது அம்மா. ஃபோனை அவ்வப்போது வேறு ஒருவர் கையில் கொடுங்கள்.

ஃபிளாஷ் போட்ட படத்தில் கண் சிவப்பாகத் தெரிவது சாதாரணம். விழித்திரையின் ரத்தக் குழாய்களில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. ஆனால் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், படம் சரியாக வரவில்லை என்று அழித்துவிடாதீர்கள். பார்க்கும் கோணத்தாலும் அப்படி வரலாம். ஆனால் கண்புரையாகவோ, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கவும் வாய்ப்புண்டு. அந்தப் படத்தோடு உடனே கண் மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல குழந்தைகளுக்குப் பார்வையையும் காப்பாற்ற முடிகிறது.

சரி, எடுத்தாயிற்று. இனிமேல்தான் விஷயமே.

காதுகுத்துக்கு வந்த மாமா எடுத்த படங்களை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். நாமும் சேவ் செய்துகொண்டு நிம்மதியாகிவிடுவோம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஃபோன் திரையில் நன்றாகத் தெரியும், பெரிதாக பிரிண்ட் போட்டால் பிசிறு தட்டும். 2023இல் வந்த ஹெச்டி வசதியும் ஒரிஜினலை அப்படியே அனுப்பாது. எடுத்த நாள், நேரம் போன்ற விவரங்களும் வழியிலேயே உதிர்ந்துவிடும். பிறகு தேடினால் நீங்கள் சேவ் செய்த தேதிதான் காட்டும். விசேஷம் முடிந்த அந்த வாரத்திலேயே, "டாக்குமென்டா அனுப்புங்க மாமா" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் போனால் அவர் ஃபோன் மாற்றியிருப்பார். விசேஷத்துக்குப் படமெடுத்த ஃபோட்டோகிராஃபரிடமும் ஆல்பத்தோடு நிறுத்தாமல் எல்லாப் படங்களையும் ஹார்ட் டிஸ்கில் கேட்டு வாங்குங்கள்.

"கூகுள் ஃபோட்டோஸ்ல தானா ஏறிடும்" என்று விட்டுவிடுவது அடுத்தது. 2021 ஜூன் 1 முதல் அங்கே வரம்பில்லாத இலவச இடம் கிடையாது. ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அது நிரம்பினால் புதிய படங்கள் ஏறாது. வரும் அறிவிப்பை நாம் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்போம். ஃபோனில் இடம் இல்லை என்று அந்த ஆப்பிலேயே படத்தை அழித்தால் கூகுளில் ஏறியிருப்பதும் சேர்ந்து போய்விடும். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை கூகுள் நீக்கிவிடவும் கூடும். குழந்தைக்கென்று தனியாக ஒரு மெயில் ஐடி தொடங்கிப் படம் அனுப்பி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பத்து பதினைந்து வருடத்துக்கு முன் சிடியில் வாங்கி வைத்த விசேஷப் படங்கள் இருந்தால், சிடி போடும் வசதியுள்ள கம்ப்யூட்டர் கண்ணில் படும்போதே நகல் எடுத்துவிடுங்கள். நிபுணர்கள் சொல்லும் கணக்கு எளிது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டு பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் போதும். வருடத்துக்கு ஒருமுறை அதை மாட்டிப் பாருங்கள். பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் நான் நம்புவது பிரிண்டைத்தான். வருடத்துக்கு ஐம்பது படம் தேர்ந்தெடுத்து பிரிண்ட் போட்டால், பிள்ளை தானே புரட்டிப் பார்க்க ஓர் ஆல்பம் இருக்கும். ஆனால் பிசின் தடவிய பக்கத்தில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பம் வேண்டாம். எண்பதுகளில் வீட்டுக்கு வீடு இருந்தது அதுதான். பிசின் பழுப்பேறி, படத்தை உரிக்கவே முடியாமல் போனது. பழைய படத்தை லேமினேட் செய்வதும் தவறு, திரும்பப் பிரித்தெடுக்க வழியில்லை. ஃபிரேம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் விழும் சுவரும் சூடேறும் பரணும் ஆகாது.

படத்தின் பின்னால் பெயர், ஊர், வருடம் எழுதாமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பாட்டி ஒருவருக்குத்தான் அந்த வரிசையில் நிற்பவர்கள் யார் யார் என்று தெரிந்திருக்கும். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை கசியும். மென்மையான முனையுள்ள பென்சிலால் அழுத்தாமல் ஓரத்தில் எழுதுங்கள். பாட்டியை உட்கார வைத்து ஆல்பத்தைப் புரட்டி, அவர் சொல்லச் சொல்ல ஃபோனில் குரலைப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. "இது உங்க பெரிய தாத்தா, அன்னிக்கு அவருக்கு ஜுரம்" என்பதெல்லாம் வேறெங்கும் கிடைக்காது.

வெளியே பகிர்வதில் இரண்டை மட்டும் தவிருங்கள்: குளிக்கும் படம், பள்ளிப் பெயர் தெரியும் சீருடைப் படம். பெரிய பிள்ளையாக இருந்தால் போடுவதற்கு முன் அதனிடமே கேளுங்கள்.

கடைசியாக, ஆல்பம் நனைந்தால் என்ன செய்வது என்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் ஆல்பங்கள் போயின. நனைந்த படங்களை அப்படியே வெயிலில் காய வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே ஆல்பத்திலிருந்து பிரியுங்கள். படப்பக்கத்தைத் தேய்க்காமல், சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். இன்க்ஜெட் பிரிண்டாக இருந்தால் அலச வேண்டாம், மை கரையும். வீடு முழுக்கச் சேறாக இருக்கிறது, இப்போது நேரமில்லை என்றால், இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, மின்சாரம் இருக்கும் உறவினர் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பிறகு எடுத்துப் பனி விட்டதும் ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தலாம்.