நாட்டு இலந்தை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலிக்கருவை என்கிற சீமைக் கருவேலம் ஒழிக்கிறோம் என்று மேலூர் பக்கம் இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் நாங்கள் முன்பு சறுக்கிய இடத்திலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். முள் குத்தும், செருப்புப் போடுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். கண்மாய்க்கரை இலந்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோடையில் ஜேசிபி விடுவது

நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இலந்தை வறட்சியில் இலையை உதிர்த்துவிடும். பங்குனி, சித்திரையில் வெறும் முள்ளாக நிற்கும். அதே வெயிலில் சீமைக் கருவேலம் பச்சைப்பசேலென்று இருக்கும். ஜேசிபிக்காரருக்கு மணிக்கணக்கில் வாடகை. முள் என்றால் அவருக்கு எல்லாம் ஒரே முள். பட்டுப்போன மரம் என்று கரை மண்ணோடு அள்ளிவிடுவார். ஒரு கண்மாயில் அப்படித்தான் வரிசையாகப் போயின. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "வேலிக்கருவைய வெட்டச் சொன்னா எலந்தையவா தம்பி புடுங்குவீக?" என்றார். பொறுப்பாக நின்ற பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டான்.

அந்தப் பெரியவரும் பட்டி அடைக்க இலந்தைக் கிளையை வெட்டுகிறவர்தான். வெட்டினால் கெடுதல் இல்லை. கோடையில் கழித்துவிட்டால் மழைக்குத் தழைக்கும், புதுக்கிளையில்தான் காய்ப்பும். வேரோடு தோண்டினால்தான் போச்சு. ஆழமாக இறங்கிய அந்த ஆணிவேர் கரையையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

போனது மரம் மட்டுமா? புரட்டாசி, ஐப்பசியில் மஞ்சள் கலந்த பச்சையில் பொடிப்பூ பூக்கும். வாடை நமக்குப் பிடிக்காது. தேனீயும் ஈயும் மொய்க்கும். தை, மாசியில் பழம். கொண்டைக்குருவி கொத்தும், மரநாயும் நரியும் விழுங்கிவிட்டு எங்கேயோ போய்க் கொட்டையைப் போடும். வெள்ளையில் கறுப்புப் புள்ளி வைத்த ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்வதும் இதன் இலையில்தான்.

அதனால், இலை இருக்கும் தை மாதத்திலேயே சுண்ணாம்பு அடித்து அடையாளம் வைத்துவிடுங்கள். கருவேல இலை பொடிப்பொடியாக, புளிய இலை மாதிரி இருக்கும். இலந்தை இலை ஒற்றை இலை, வட்டம். திருப்பினால் அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை. காம்பிலிருந்து மூன்று நரம்பு ஓடும். இலை கொட்டிவிட்டதா? முள்ளைப் பாருங்கள். கருவேலத்துக்கு எல்லாம் நேர்முள். இலந்தையில் பெரும்பாலும் ஜோடியில் ஒன்று நேராக, ஒன்று கொக்கியாக இருக்கும்.

வளர்ந்த செடியைப் பிடுங்கி நடுவது

பிழைக்காது. ஆணிவேர் அறுந்துவிடும்.

ஆப்பிள் இலந்தையைக் கரையில் வைப்பது

பெரிய பழம் காய்க்கும் தோட்டத்து ரகம் இது. தோட்டத்தில் வையுங்கள், சரி. அதுவே நாட்டு இலந்தை வேரில் ஒட்டுக்கட்டியதுதான். கவனிக்காமல் விட்டால் ஒட்டுக்குக் கீழே நாட்டு இலந்தை துளிர்த்து மேலே உள்ளதை அமுக்கிவிடும். கரைக்கு நாட்டுக்கொட்டையே போதும்.

கொட்டையை அப்படியே ஊன்றுவது

முளைக்கும், மெதுவாக. முதலில் உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்துவிடுங்கள். மூழ்கியதைக் கழுவி, கொட்டையின் மேலோட்டை மெல்லத் தட்டி உடைத்து, பருப்பை எடுத்து உயரமான பையில் போடுங்கள். பை குட்டையாக இருந்தால் வேர் சுருண்டுகொள்ளும்.